பி, ஓ, யு: ஒரே எழுத்துக்கூட்டு, யாருடைய சொல்?

பி, ஓ, யு. இந்த மூன்று ரோமன் எழுத்தையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி மொரீஷியஸில் காட்டினால், பிரெஞ்சு பழகிய நாக்கு ‘பூ’ என்றுதான் வாசிக்கும். பிரெஞ்சில் அது தலையில் ஊரும் பேன். பிரெஞ்சிலிருந்து பிறந்து இந்தத் தீவின் பொதுப் பேச்சுமொழியாக உள்ள கிரியோலில் எதிர்காலம் காட்டும் சொல்: ‘மோ பூ அலே’ என்றால் நான் போவேன். அதே சொல் பெயருக்கு முன்னால் வந்தால் ‘-க்காக’ என்று பொருள்படும். தமிழ் வீட்டில் அது மலர்.

மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் லத்தீன் ‘பெதூக்குலுஸ்’ என்பதிலிருந்து தேய்ந்து தேய்ந்து இந்த அளவுக்கு வந்தது. கிரியோல் ‘பூ’ பிரெஞ்சு ‘பூர்’ என்பதன் கடைசி ரகரத்தை உதிர்த்தது. தமிழ்ப் பூவுக்கு இந்த இரண்டு வழியோடும் தொடர்பே கிடையாது. மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து நிற்பதற்குக் காரணம், ‘ஊ’ என்ற ஒலியைப் பிரெஞ்சு வழக்கம் ஓ-யு என்று எழுதுவது. சென்னையில் இருப்பவர் இதே மலரை பி-ஓ-ஓ என்று தட்டியிருப்பார். இந்தக் குழப்பம் அங்கே எழுந்தே இருக்காது.

ஆகவே இந்தத் தீவில் ரோமன் எழுத்தில் ஒரு சொல்லைப் பார்த்தால் பொருளைத் தேடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதை எழுதியது எந்த மொழிக்குப் பழகிய காது? ஆங்கிலக் காதா, பிரெஞ்சுக் காதா, கிரியோல் எழுத்துமுறை படித்த காதா, அல்லது கைப்பேசியில் தமிழைத் தட்டும் விரலா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

குடும்பப் பெயர்களில் இது நன்றாகத் தெரியும். 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொன்னே காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போர்ட் லூயிக்கு வந்தார்கள். அவர்கள் பெயரை எழுதியது பிரெஞ்சுக் கை. 1810-இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை ஆங்கில ஆட்சியின் எழுத்தர்கள் பதிந்தார்கள். ஆனால் பிரெஞ்சு மொழி தீவை விட்டுப் போகவில்லை. பிறப்பும் திருமணமும் பதிகிற இடத்தில் பிரெஞ்சு வழக்கம் தொடர்ந்தது. அதனால் முத்து என்ற ஒரே பெயர் எம்-ஓ-ஓ-டி-ஓ-ஓ என்றும் எம்-ஓ-யு-டி-ஓ-யு என்றும் இரண்டு குடும்பப் பெயராக இன்று நிற்கிறது. ஓ இரட்டித்தால் ஆங்கிலக் காது, ஓ-யு வந்தால் பிரெஞ்சுக் காது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த ‘முத்து’வில் டி-க்குப் பின்னால் எச் இல்லையே என்று குறைப்படுவதுண்டு. குறை ஏதும் இல்லை. பிரெஞ்சு டி பல்லில் நாக்கு தொட்டுப் பிறப்பது. நம் தகரம் பிறக்கும் இடமும் அதுதான். ஆங்கில டி அண்பல்லுக்கு மேலே பிறப்பதால் நம் காதுக்கு அது டகரம்; அதைத் தகரமாக்கத்தான் சென்னையில் எச் சேர்க்கிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அந்தத் தேவை எழவே இல்லை.

வீரப்பன், பொன்னப்பன் போன்ற பெயர்களின் முடிவைப் பாருங்கள். இங்கே அவை பி-ஈ-என் என்று முடியும். தமிழ்நாட்டுக் கண் அதைப் ‘பெண்’ என்று படிக்கும், ஆங்கிலக் கண் பேனா என்று படிக்கும். உள்ளே இருப்பதோ ‘அப்பன்’. தமிழ்ப் பேச்சில் சொல்லின் இறுதி ‘அன்’ எகரத்தின் பக்கம் சாய்ந்து மூக்கொலியாக முடிகிறது. ‘அவன் வந்தான்’ என்பதை வேகமாகச் சொல்லிப் பார்த்தால் தெரியும். ஈ-என் என்று எழுதிய காது அதைத்தான் பிடித்திருக்கிறது. அதே போல இறுதி ‘அம்’ பேச்சில் ஒகரச் சாயல் ஏறிய மூக்கொலியாகும். அது ஓ-என் என்று பதிவானது. அருணாசலம் இங்கே அர்னாசலோன். ரசம் இங்கே ‘ரசோன்’. வீட்டில் நாம் ‘ரசம்’ என்று எழுதினாலும் வாய் சொல்வது அதற்கு மிக நெருக்கமானதுதானே? எழுத்துத் தமிழைப் பார்த்து யாரும் இந்தப் பெயர்களை எழுதவில்லை, வாயிலிருந்து கேட்டு எழுதினார்கள். அந்த வகையில் இந்தக் குடும்பப் பெயர்கள் பழைய பேச்சுத் தமிழின் நேர்மையான பதிவு. ‘கெட்டுப்போன தமிழ்ப் பெயர்’ என்று யாராவது சொன்னால் மனம் நோகிறது.

அர்னாசலோனிலும் ரசோனிலும் எஸ் இரட்டித்து வருவதற்கும் காரணம் உண்டு. பிரெஞ்சில் இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றை எஸ் வந்தால் அது இசட் ஒலி பெறும். சகர ஒலியைக் காப்பாற்ற இரண்டு எஸ் போட்டார்கள். அதைக் கண்டு தமிழில் ‘ச்ச’ என்று ஒற்று இரட்டித்து எழுதிவிடக் கூடாது. ராமசாமிக்கு ஒற்றை எஸ் இருந்தால் ஆங்கில வழி, இரட்டை எஸ் இருந்தால் பிரெஞ்சு வழி. இரட்டை எஸ் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் மிகுதி.

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு இந்த விதிகள் நேரடியாக உதவும். ஒரே ஆள் கப்பல் பதிவேட்டில் ஆங்கிலக் கூட்டிலும், பின்னாளில் பிள்ளையின் பிறப்புப் பதிவில் பிரெஞ்சுக் கூட்டிலும் இருக்கக்கூடும். இன்றைய குடும்பப் பெயரை அப்படியே கொடுத்துத் தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதலில் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பிறகு எழுத்துத் தமிழாகப் படிக்காமல், பேச்சு வேகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுவில் உள்ள குறில் உகரம் உதிரும், இறுதி மூக்கொலியாகும். வேலாயுதன் ‘வலாய்தென்’ ஆகிவிடும். அந்த ஒலியை இரண்டு காதுக்கும் எழுதுங்கள்: ஓ-ஓ, ஓ-யு, கே, சி, ஒற்றை எஸ், இரட்டை எஸ், சி-எச், இறுதியில் ஏ-என், ஈ-என், ஏ-எம், யு-எம், ஓ-என். ஒரு பெயருக்கு ஏழெட்டு வடிவம் கிடைக்கும், அத்தனையும் தேட வேண்டும். இன்னொன்று: தகப்பனின் இடுபெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகப் படிந்தது இங்கே பொது வழக்கு. ஆகவே வீரப்பன் என்ற குடும்பப் பெயரின் தொடக்கம், வெறும் வீரப்பன் என்ற ஒற்றைப் பெயரில் வந்த ஒரு மனிதர். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. குடியேற்ற எண், கப்பல், தகப்பன் பெயர், ஊர் ஆகியவற்றோடு ஒத்துப்பார்த்த பிறகே ‘இவர் எங்கள் பாட்டன்’ என்று முடிவுகட்டலாம்.

கிரியோலுக்கு வருவோம். 2004-இல் ‘கிராஃபி லார்மோனி’ என்ற எழுத்துமுறை முன்வைக்கப்பட்டது. 2011-இல் அதை ஒட்டிய அதிகாரபூர்வ எழுத்திலக்கணம் வந்தது. 2012 முதல் தொடக்கப்பள்ளியில் கிரியோல் விருப்பப் பாடம். முன்பு ஆளுக்கொரு விதமாக எழுதிய மொழிக்கு உறுதியான விதிகள் கிடைத்தன. தமிழ் படிக்கும் பிள்ளைக்கு அதில் முக்கியமானது மூக்கொலி விதி. ஏ-என் என்று ஒற்றை என் போட்டால் உயிர் மூக்கு வழியாக ஒலிக்கும், னகரம் தனியாகக் கேட்காது. என் இரட்டித்தால் உயிர் தெளிவாக ஒலித்து னகரமும் கேட்கும். கே-ஏ-என் என்றால் முகாம், அல்லது ‘எப்போது’. கே-ஏ-என்-என் என்றால் கரும்பு. தமிழில் கண்ணை ரோமனில் எழுதப்போகிறவர் சென்னை வழக்கப்படி கே-ஏ-என் என்று எழுதினால் இங்கத்திய பிள்ளை அதை முகாம் என்று படிக்கும். இரட்டை என் போட்டு ஒலியைச் சரிசெய்தாலோ, கரும்பாகிவிடும். இரண்டு பக்கமும் இடிக்கிற சொல் இது; தமிழ் எழுத்தில் எழுதுவதைத் தவிர வழி இல்லை.

அடுத்தது ஒட்டிக்கொண்ட சுட்டு. பிரெஞ்சில் பெயருக்கு முன்னால் வரும் ‘ல’, ‘லா’, ‘து’ போன்றவை கிரியோலில் பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன: தண்ணீர் ‘திலோ’, சோறு ‘திரி’, மேசை ‘லாதாப்’. அத்துடன் பிரெஞ்சின் உதடு குவித்த ‘இ’ கிரியோலில் வெறும் ‘இ’ ஆகும். இரண்டையும் சேர்த்தால் ‘லா ரூ’ போல நமக்குக் கேட்கும் தெரு, ‘லாரி’ ஆகிறது. எல்-ஏ-ஆர்-ஐ என்றால் இங்கே தெரு. தமிழ்நாட்டில் லாரி என்பது ஆங்கிலம் வழி வந்த சரக்கு வண்டி. அதற்கு இங்கே ‘கம்யோன்’. லாரியில் நிற்காதே என்று கிரியோல் தாய் பிள்ளையிடம் சொன்னால், தெருவில் நிற்காதே என்று அர்த்தம். எல்-ஏ என்று தொடங்கும் சொல்லைக் கண்டால் அந்த இரண்டு எழுத்தையும் விரலால் மறைத்து மீதியைப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். கிரியோல் சொல் என்றால் பிரெஞ்சுச் சொல் உள்ளிருந்து எட்டிப்பார்க்கும்.

வி-ஈ-ஆர் தமிழில் வேர். கிரியோலில் பச்சை, கண்ணாடிக் குவளை. எம்-ஓ-ஆர் தமிழில் மோர், கிரியோலில் ‘செத்த’ என்று பொருள். பி-ஈ-ஆர் தமிழில் பேர். கிரியோலில் பயம், பாதிரியாரை அழைக்கும் சொல்லும் அதுவே. ஒவ்வொரு செப்டம்பரிலும் எல்லாச் சமயத்தாரும் நடந்துபோய் வணங்கும் பேர் லவாலின் ‘பேர்’ அந்தப் பாதிரியார்தான்.

கறிவேப்பிலை கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். மொரீஷியஸில் அது ‘காரிபூலே’, ரெயூனியனில் ‘கலூபிலே’. இரண்டும் தமிழ்ச் சொல்லின் தேய்வுதான். கறியும் இலையும் தெரிகின்றன, வேம்பு நடுவில் கரைந்துவிட்டது. பிரெஞ்சு தெரிந்தவர் ‘காரிபூலே’ என்று கேட்டால் கோழிக் கறி என்று நினைப்பார், ஏனென்றால் பிரெஞ்சில் ‘பூலே’ கோழி. ஒலியில் வேறுபாடே கிடையாது. பழைய பிரெஞ்சு வழிக் கூட்டில் கோழிக்கு இறுதியில் ஈ-டி வரும், இலைக்கு ஈ மேல் ஒரு சாய்கோடு வரும், கண்ணாவது பிரித்துவிடும். கிரியோல் எழுத்துமுறையில் இரண்டின் முடிவும் வெறும் ஈ. கிரியோலில் இறுதி ஈ எப்போதும் ஒலிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது: பி-ஓ-யு-எல்-ஈ பிரெஞ்சில் ‘பூல்’, பெட்டைக்கோழி; கிரியோலில் ‘பூலே’. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் இலையை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதி, முன்னால் ‘ஃபெய்’, அதாவது இலை, என்று போட வேண்டும். கோழியை இடம் விட்டு எழுத வேண்டும். சைவச் சமையல் என்றால் இந்தக் கவனம் கட்டாயம். குறிப்பை மொழிபெயர்க்கும் இயந்திரம் கோழியைச் சேர்த்துவிட்டால் விரதம் இருப்பவர் வீட்டில் என்ன ஆகும்?

‘காரி’ என்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. சங்கப் பாட்டில் கறி என்றால் மிளகு. இன்றைய தமிழ்நாட்டில் பலருக்குக் கறி என்றால் இறைச்சி. மொரீஷியஸில் மசாலா சேர்த்த குழம்பு வகை எதுவும் காரி. திருநாளில் வாழையிலையில் பரிமாறும் ‘செத் காரி’ ஏழு கறி, ஏழும் சைவம். ‘செத்’ பிரெஞ்சு வழி வந்த ஏழு. கிரியோலில் எஸ்-ஈ-டி என்று எழுதுவதால் ஆங்கிலக் கண் அதைச் ‘செட்’ என்று படித்து ஒரு தொகுப்பு என்று கொள்ளும். இரண்டு சொல்லிலும் இரண்டு விதமான பிழை. கறியில் மூலம் ஒன்று, பொருள் பிரிந்தது. செத்தில் மூலமே வேறு, எழுத்து மட்டும் ஒன்றானது.

இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பழகுவது மிக முக்கியம். ‘ரூகாய்’ முதல் வகை: நம் ஊறுகாய் என்றே சொல்லப்படுகிறது, மொரீஷியஸில் அது தக்காளிக் குழம்பு, ரெயூனியனில் தக்காளி மிளகாய்த் துவையலுக்கும் பெயர். பிரெஞ்சுக் கூட்டில் அதன் கடைசி மூன்று எழுத்து ஏ-ஐ-எல் என்று வருவதைக் கண்டு பூண்டு என்று பிரிப்பது, கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துக் காதை மறந்த செயல். ‘தாந்த்’ இரண்டாம் வகை. சந்தைக்குத் தூக்கிப்போகும், தாழை ஓலையில் முடைந்த பையை இங்கே பிரெஞ்சில் எழுதும்போது டி-ஈ-என்-டி-ஈ என்று எழுதுவார்கள். பிரெஞ்சு அகராதியில் அந்த எழுத்துக்கூட்டுக்குப் பொருள் கூடாரம். கூடாரம் எப்படிப் பை ஆயிற்று என்று யோசித்தால் விடை கிடைக்காது. அது மலகாசி மொழியில் கூடையைக் குறிக்கும் ‘தாந்தி’. மடகாஸ்கரிலிருந்து வந்த சொல்லுக்குப் பிரெஞ்சுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். இங்கே ஒரு பொருளின் பெயர் விளங்காவிட்டால் பிரெஞ்சையும் தமிழையும் போஜ்பூரியையும் மட்டும் துழாவி நிறுத்திவிடக் கூடாது. மலகாசியையும் போர்த்துகீசியத்தையும் பார்க்க வேண்டும். கீரைக்குச் சொல்லும் ‘பிரெத்’ போர்த்துகீசியம்; ‘பிரெத் மூரூம்’ என்ற முருங்கைக்கீரையில் முதல் சொல் போர்த்துகீசியம், இரண்டாவது தமிழ்.

எம்-ஏ-எம்-ஏ குடும்ப விழாக்களில் தொல்லை தரும். கிரியோலில் அது அம்மா, தமிழில் தாயின் சகோதரர். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. உதடு மூடித் திறந்தால் வரும் ஒலி என்பதால் உலகெங்கும் குழந்தை வாயில் தானாகப் பிறந்து, பக்கத்தில் நின்ற உறவின் மேல் ஒட்டிக்கொண்ட சொல் இது. இந்த ஒற்றுமையை வைத்து மொழிகளுக்கு உறவு கட்டக் கூடாது. திருமண அழைப்பிதழில் ரோமன் எழுத்தில் மாமா என்று மட்டும் போட்டால், கிரியோல் பேசி வளர்ந்த விருந்தினர் மணப்பெண்ணின் தாய் என்று படிப்பார். ‘தாய்மாமன்’ என்று முழுச் சொல்லாகப் போடுங்கள். சடங்கில் அவருக்குள்ள இடத்துக்கும் அதுவே பொருத்தம்.

‘மல்பார்’ எழுதும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். கேரளக் கரையின் பெயரை ஐரோப்பியர் தமிழர்மேலும் தமிழ்மொழிமேலும் போட்டார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற கிறித்துவத் தமிழ் நூலின் முகப்பிலேயே மொழிக்கு ‘மலவார் தமுல்’ என்ற பெயர் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலப் போர்ட் லூயியில் தமிழர் இருந்த பகுதி மலபார் முகாம். பிறகு இரண்டு தீவிலும் சொல் இரண்டு பக்கம் போனது. ரெயூனியனில் மல்பார் என்றால் இன்றும் தமிழ் வழிவந்தவர். அவர்களே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். மொரீஷியஸில் அது பெரும்பாலும் வட இந்திய வழி இந்துக்களைக் குறிக்கும், இழிவுத் தொனியும் ஏறிய சொல். ரெயூனியனிலிருந்து வந்த கட்டுரையை அப்படியே எடுத்து இங்கே வெளியிட்டால் பொருளும் தவறும், மனமும் புண்படும். ‘தமிழ் வழியினர்’ என்று மாற்றி எழுத வேண்டும்.

கடைசியாக, கோயிலில் கொடுக்கும் பதிகத் தாள். தமிழ் எழுத்து தெரியாத இளையவர்கள் பாடுவதற்காக ரோமனில் அச்சிடுவது நல்ல நோக்கம்தான். ஆனால் வி-ஏ-எல்-ஐ என்று போட்டால் அது வலி, வழி, வளி, வாலி, வாழி ஐந்துக்கும் பொதுவாகிவிடும். கே-ஏ-எல்-ஐ என்றால் காளியும் கலியும் களியும் ஒன்றாகும். ழகரத்துக்கு இசட்-எச் போடும் சென்னை வழக்கம் இங்கே எடுபடாது. இசட் கிரியோலில் தனக்கென ஒலி உள்ள எழுத்து, ஆகவே பழம் ‘பஸம்’ போல ஒலித்துவிடும். ஐஎஸ்ஓ 15919 என்ற எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றுவதே சரி. நெட்டெழுத்துக்கு உயிரின் மேலே ஒரு கோடு. ளகரத்துக்கு எல்லின் கீழே புள்ளி, ழகரத்துக்கு எல்லின் கீழே கோடு. ணகரத்துக்கு என்னின் கீழே புள்ளி, னகரத்துக்குக் கோடு. றகரத்துக்கு ஆரின் கீழே கோடு. இந்தக் குறிகளைத் தாளின் அடியில் இரண்டு வரியில் விளக்கிவிடலாம். எழுத்துரு அவற்றைக் காட்டுகிறதா என்று ஒரு படி அச்சடித்துப் பார்த்த பிறகே மற்றதை அச்சுக்குக் கொடுங்கள். சில எழுத்துருக்களில் கீழ்க்கோடு விழுந்துபோய் ழகரம் மீண்டும் வெறும் எல் ஆகிவிடும். ஒவ்வொரு ரோமன் வரிக்கு மேலும் தமிழ் வரியைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள். பாடிப் பழகிய வரியின் மேல் கண் தானாகப் போகும். எழுத்து தெரியாத பிள்ளையும் சில வாரத்தில் ‘சிவ’ எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டும்.